நான்காவது பந்தி

உங்கள் பொலிஸ் தட்டச்சுக்காரர் ஒரே பக்கத்தில் 'மேற்படி' என்ற சொல்லை ஒன்பது தடவை போட்டிருக்கிறார், சேர். குறை சொல்லவில்லை, அவர் பழகியது அப்படி. ஆனால் வாசித்துப் பார்த்தால் நான் சொன்னது மாதிரியே இல்லை. யாரோ ஒருவன் எதையோ செய்ததைப் போல இருக்கிறது. அதனால்தான் வெள்ளைத் தாளும் பேனையும் கேட்டேன். என் கையாலேயே எழுதித் தருகிறேன். பதினாறு வருடம் ஊழியர் சங்கக் கிளையின் செயலாளராக இருந்தவனுக்குக் கடிதம் எழுதுவது ஒரு பாரமில்லை. தேநீருக்கு நன்றி. சீனி கொஞ்சம் கூடிவிட்டது.

என் பெயர் ஆதம்பாவா ஹாதிக். வயது ஐம்பத்து நான்கு. கல்முனையில் பிறந்து கல்முனையிலேயே கலியாணம் முடித்தவன். ஆழிமுனைப் பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது வருடம் பம்ப் இயக்குநராக இருந்தேன். 'இருந்தேன்' என்று எழுதக் காரணம், இந்த வருடம் ஜூன் முதலாம் திகதியிலிருந்து அங்கே பம்ப் இயக்குநர் என்று ஒரு தொழிலே கிடையாது. அன்றிலிருந்து நான் 'பொதுச் சேவை உதவியாளர், தரம் இரண்டு'. என் மனைவி கமீலா இதைக் கேட்டுவிட்டு, "அப்பிடியெண்டா என்ன வேல?" என்று கேட்டாள். அது எனக்கு அன்றைக்கும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

பம்ப் அறையை நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். நிலத்தடித் தண்ணீரை இழுத்து, குளோரின் கலந்து, மேல்தாங்கிக்கு ஏற்றி, இரண்டு விடுதிக்கும் கன்டீனுக்கும் அனுப்புகிற இடம் அது. பம்புகள் ஒரு அறையில். அதை ஒட்டிய சின்ன அறையில் குளோரின் சிலிண்டர். அந்தச் சின்ன அறைக்கு ஒரு விசிறி, வெளிச்சுவரில் முகமூடி மாட்ட ஒரு கொக்கி. பின்பக்கம் அறுபது அடி தள்ளிப் பெண்கள் விடுதி. அவ்வளவுதான்.

அங்கே நாங்கள் இரண்டு பேர். பகலில் நான், பின்னேரம் இரண்டு மணியிலிருந்து செல்லத்தம்பி அண்ணன். காரைதீவு ஆள், என்னைவிட நாலு வயது மூத்தவர். அவர் வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணிக்கு வருவதில்லை. பன்னிரண்டுக்கே வந்துவிடுவார். நான் ஜும்மாத் தொழுகைக்குப் போகவேண்டும் அல்லவா, அதற்காக. யாரும் அவரை வரச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. முதல் வெள்ளிக்கிழமை வந்தார், அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் வந்தார். ஆடி அமாவாசைக்கு அவர் குடும்பத்தோடு திருக்கோவிலுக்குத் தீர்த்தமாடப் போவார், அன்றைக்கு அவருடைய பின்னேர வேலையையும் சேர்த்து நான் பார்ப்பேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அப்படித்தான். இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமான ஏற்பாடும் இல்லை. ஜெனரேற்றர் அறை, களஞ்சியம், கேற் எல்லா இடத்திலும் தமிழ் ஆட்களும் எங்கள் முஸ்லிம் ஆட்களும் இப்படித்தான் மாறி மாறி நின்றார்கள். 'வெள்ளி மாத்து' என்று சொல்லுவோம். ஒரு பதிவுப் புத்தகத்திலும் இது இல்லை. இல்லாததால்தான் அது அவ்வளவு ஒழுங்காக நடந்தது என்று செல்லத்தம்பி அண்ணன் சொல்லுவார். அதில் எனக்கு உடன்பாடில்லை. எதுவும் எழுத்தில் இருக்கவேண்டும் என்பது என் கொள்கை.

போன வருடம் மீள்கட்டமைப்புக் குழு என்று ஒன்று வந்தது. கொழும்பிலிருந்து ஒரு ஆலோசகர் வந்து திரையில் வட்டமும் அம்புக்குறியும் போட்டுக் காட்டினார். எல்லாம் இங்கிலீஷ். எங்கள் துணைப் பதிவாளர் ஸிராஜ் பக்கத்தில் நின்று பாதியை மொழிபெயர்த்தார், மீதியை விழுங்கிவிட்டார். ஸிராஜ் எங்கள் ஊர்ப் பொடியன்தான், என் தம்பியோடு பள்ளிக்கூடம் போனவன். இப்போது பதவி இருப்பதால் மரியாதையாக எழுதுகிறேன். விஷயம் இதுதான்: ஒன்பது வகையான தொழிலில் இருந்த நாற்பத்தொரு பேரை ஒரே பட்டியலில் கொட்டினார்கள். அதில் இருபத்தாறு இடம்தான் மிஞ்சும். ஓய்வு பெறுகிறவர்களின் இடம் மூடப்படும். யார் எங்கே வேலை என்று காலையில் ஆறு மணிக்குக் கைப்பேசியில் செய்தி வரும். இன்றைக்குப் பம்ப் பார்த்தவன் நாளைக்குப் புல் வெட்டுவான். சங்கத்தோடு கலந்து பேசினார்களா என்று நீங்கள் கேட்டால், ஓம், பேசினார்கள். எல்லாம் முடிவான பிறகு ஒரு மணித்தியாலம்.

அந்தச் சுற்றறிக்கையின் கடைசி வரி, 'அனுமதியின்றி ஆள் மாறி நிற்பது ஒழுக்காற்றுக் குற்றம்.' ஜும்மாவுக்குப் போக அனுமதி உண்டு, சேர். அதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் போகிறவனுக்குப் பதில் ஆள் நிற்க அனுமதியில்லை.

நான் பதினொரு மாதத்தில் பதினான்கு கடிதம் எழுதினேன். பதிவாளருக்கு, உபவேந்தருக்கு, பேரவைக்கு, எல்லோருக்கும். பதினான்குக்கும் ஒரே பதில். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. உரிய கவனத்துக்கு எடுக்கப்பட்டுள்ளது.' திகதியை மட்டும் மாற்றி மாற்றி அடித்திருந்தார்கள். ஒரு தடவை அதையும் மாற்ற மறந்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. எரிச்சல் வரும். கோபம் வந்தால் கத்திவிட்டுப் படுத்து உறங்கலாம். எரிச்சல் அப்படிப்பட்டதில்லை, காலையில் எழும்பும்போது அதுவும் கூடவே எழும்பும்.

பதினான்காவது கடிதம் முக்கியமானது. அதன் நான்காவது பந்தியை இங்கே அப்படியே தருகிறேன், மனப்பாடம்தான்:

'வெள்ளிக்கிழமைகளில் பகல் பன்னிரண்டு மணி தொடக்கம் ஒன்றேமுக்கால் வரை பம்ப் அறையில் ஆள் ஒருவரும் இருக்கமாட்டார். அவ்வேளையில் குளோரின் கசிவு ஏற்படின், விசிறி இயங்காத நிலையிலும் முகமூடி இல்லாத நிலையிலும் அது பாரதூரமான விபத்தாக முடியும் என்பதை இத்தால் அறியத்தருகிறேன்.'

நல்ல பந்தி. மூன்று தடவை திருத்தி எழுதியது. நான் எழுதிய நாளில் அதிலிருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. விசிறி நாலு மாதமாகப் பழுது. கொக்கியில் முகமூடி இல்லை.

ஜூலை தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், விசிறி சுற்றுகிறது. கொக்கியில் புது முகமூடி தொங்குகிறது. சுவரில் வாயு கசிந்தால் கண்டுபிடித்துக் கத்துகிற சின்னக் கருவி ஒன்று. எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. கடிதத்துக்கு அந்த வழக்கமான வரிக்கு மேல் பதிலும் இல்லை. உங்கள் பந்தியைப் பார்த்துத்தான் செய்தோம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன். அவர்கள் செய்தது, சத்தமில்லாமல் என் கடிதத்தை இரண்டு இடத்தில் பொய்யாக்கினார்கள். சாமான் வந்ததே சந்தோசம் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் ஆட்களை அவர்கள் திருப்பித் தரவில்லை. ஆட்களுக்குப் பதிலாகத்தான் அந்தச் சாமான்.

ஸிராஜிடம் போனேன். இன்னும் என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"ஹாதிக் காக்கா, அந்தக் கருவி கசிவக் கண்டிச்செண்டா நேரா என்ட போனுக்கு மெசேஜ் வரும். இனி என்ன பயம்?"

"வெள்ளிக்கிழம பன்னெண்டு மணிக்கு உங்கட போன் எங்க இரிக்கும்?"

"என்ட பொக்கட்லதான்."

"நீங்க எங்க இரிப்பீங்க?"

அவர் முன்னால் கிடந்த கோப்பை மூடினார். பிறகு, "நீங்க சும்மா வஸ்வாஸ்ல, வீண் சந்தேகத்தில கதைக்கீங்க காக்கா. ஜூன்ல இருந்து எத்தின வெள்ளி போன? என்ன நடந்த?" என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் என் பிரச்சினை.

கிளைக் கூட்டத்தைக் கூட்டி, இனி ஒருவரும் வெள்ளி மாத்துக்கு நிற்கக்கூடாது என்று நானே கட்டளை போட்டிருந்தேன். குற்றம் என்கிறார்களா, சரி, குற்றம் செய்யவேண்டாம். இடம் வெறுமையாகக் கிடக்கட்டும், அப்போதுதான் ஆளின் அருமை தெரியும் என்றேன். எல்லோரும் கை உயர்த்தினார்கள். செல்லத்தம்பி அண்ணனும் உயர்த்தினார். ஆனால் கிழமைக்குக் கிழமை ஒன்றும் நடக்காமல் போகப் போக, உயர்த்திய கைகள் இறங்கத் தொடங்கின. ஒன்பது பேர் மற்றச் சங்கத்துக்குப் போனார்கள். கன்டீனில் நான் உள்ளே நுழைந்தால், "நாலாம் பந்தி வந்துட்டுது, தேத்தண்ணி ஊத்து" என்பார்கள். பத்தொன்பது வருடம் அவர்களுக்குத் தண்ணீர் அனுப்பியவன் நான். அந்தப் பெயர் எனக்கு நிலைத்துவிட்டது.

ஆறாவது வெள்ளிக்கிழமை, வெறும் அறையைப் படம் பிடித்துப் பதினைந்தாவது கடிதத்தோடு இணைக்கலாம் என்று யோசித்தேன். பெயர் மாறினாலும் வெள்ளிக்கிழமைகளில் பம்ப் அறைக்கு என்னைத்தான் போடுவார்கள், அந்த மெசினைத் தெரிந்தவன் வேறு யார். ஜும்மாவின் பர்ளு, அதாவது கட்டாயத் தொழுகை, முடிந்ததும் மேலதிகமான சுன்னத்துத் தொழுகைக்கு நிற்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தேன். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி உள்ளே போனால், கவிழ்த்துவைத்த வாளியில் உட்கார்ந்து செல்லத்தம்பி அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வெள்ளி என்பதால் மரக்கறிச் சோறு.

"என்ன அண்ணன் இது?"

"வா தம்பி. தொழுது முடிஞ்சா? இண்டைக்கி வெள்ளனயா வந்துட்டாய்."

"எத்தின கிழமையா இப்பிடி இரிக்கீங்க?"

"எல்லாக் கிழமையுந்தான். வடிகாணுக் கழுவத்தான் விட்டிரிக்காங்க என்ன. பன்னெண்டுக்கு நமக்குச் சாப்பாட்டு நேரம். அவடத்த இரிந்து தின்னுறத்த இவடத்த இரிந்து தின்னுறன். கொஞ்சம் பிந்தினாலும் காண் எங்கயும் ஓடாது. இது குத்தமா?"

"கூட்டத்தில கைய உயத்தின நீங்கதானே?"

"உயத்தினன். நீ கேட்டாய், உயத்தினன்." சிரித்தார். "ஆனா நீ தொழப் போற நேரம் இந்தச் சனியன் பிடிச்ச சிலிண்டர் சும்மா கிடக்கு எண்டு நினைச்சா எனக்குச் சோறு இறங்குதில்லடா."

நான் விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன். நீங்கள் இருந்தால் அறை வெறுமையில்லை. அறை வெறுமையில்லை என்றால் என் பந்தி பொய். பந்தி பொய் என்றால் பதினைந்து பேருடைய இடம் போகும், உங்களுடைய இடமும் போகும். உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது அண்ணன் என்றேன்.

"கடிதம் கிடக்கட்டும் தம்பி. விடுதியில புள்ளையள் கிடக்குதுகள்."

"எனக்கு வாக்குத் தாங்க. இனி வரமாட்டன் எண்டு."

"சரிடா, சரி. வரல்ல." சாப்பாட்டுக் கரியரை மூடிக்கொண்டு எழும்பினார். "நீ கதைச்சு வெல்ல ஏலாத ஆள்."

வாக்குத் தந்தார் என்பதை இங்கே அழுத்தமாக எழுதுகிறேன். என் பக்கத்தில் நியாயம் இருப்பதற்கு இது ஒரு சான்று.

எட்டாவது வெள்ளிக்கிழமை, அதாவது ஆடி அமாவாசைக்கு நாலு நாள் முந்தி, நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்குச் செய்தி வந்தது, 'பம்ப் அறை'. ஏழுக்குப் போனேன். தாங்கியை நிரப்பினேன். நிரம்பிய தாங்கி பின்னேரம் வரை காணும், பெண்பிள்ளைகள் தண்ணீருக்குக் கஷ்டப்படக்கூடாது. பதினொன்றே முக்காலுக்கு விசிறியை நிறுத்தினேன். முகமூடியைக் கொக்கியிலிருந்து எடுத்து, என் தொழுகைச் சாரன் வைத்திருந்த பையில் போட்டேன். இந்த இரண்டோடு பந்தியின் இரண்டாவது வசனம் மறுபடியும் உண்மையானது. பிறகு சிலிண்டரின் வால்வை இளக்கினேன். எவ்வளவு என்று உங்கள் நிபுணர் கேட்டால் வாயால் சொல்கிறேன், எழுதத் தேவையில்லை. ஒரு மணம் வரவேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு. கருவி கத்தும், விடுதியைக் காலி செய்வார்கள், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், 'சங்கம் முன்கூட்டியே எச்சரித்தது' என்று நாலு வரி போடுவார்கள். பிள்ளைகளில் அனேகம் பேர் ஒரு மணி வரை விரிவுரையில் இருப்பார்கள் என்று நேரசூசியைப் பார்த்து வைத்திருந்தேன். அறையில் ஆள் ஒருவரும் இல்லை, வரப்போவதும் இல்லை என்று எனக்குத் தெரியும். என் நிய்யத், அதாவது எண்ணம், சுத்தமானது.

கதவைச் சாத்திவிட்டு, தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி வுளூச் செய்துகொண்டு, பன்னிரண்டு ஐந்துக்குப் புறப்பட்டேன்.

ஒரு திருத்தம். 'வரப்போவதும் இல்லை என்று எனக்குத் தெரியும்' என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை வெட்டாமல் அப்படியே விடுகிறேன், வெட்டினால் தாள் அசிங்கமாகிவிடும். ஆனால் பின்வருவதையும் சேர்த்து வாசிக்கவும்.

கன்டீன் வளைவில் செல்லத்தம்பி அண்ணன் எதிரே சைக்கிளில் வந்தார். கைபிடியில் சாப்பாட்டுக் கரியர் தொங்கியது. என்னைக் கண்டதும் கள்ளன் பிடிபட்ட மாதிரி ஒரு சிரிப்பு. காலை ஊன்றி நிறுத்தினார். நானும் வேகத்தைக் குறைத்தேன்.

"கோவிக்காத தம்பி. இந்தக் கிழம மட்டும். அமாவாசைக்கு நீ எனக்கு நிக்கணும் என்ன, கடன் வைக்க ஏலாது."

அவர் மறுபடி பெடலில் காலை வைத்தார்.

"நேரம் போகுது, ஓடு. குத்பா தொடங்கப் போகுது."

"ஓம் அண்ணன்" என்றேன்.

அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று நீங்கள் நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். மறைக்கமாட்டேன். எரிச்சல்தான் வந்தது. வாக்குத் தந்த மனிதர், இரண்டு கிழமைக்குள் மீறிவிட்டார். போய் மூடிவிட்டு மறுபடி எப்போது செய்வது, அடுத்த வெள்ளியும் இவர் வருவார், அதற்கடுத்த வெள்ளியும் வருவார். கன்டீனில் 'நாலாம் பந்தி' என்று இன்னும் எத்தனை வருடம் கேட்பது. இதையெல்லாம் யோசித்துக்கொண்டே கேற்றைத் தாண்டிவிட்டேன். தாண்டிய பிறகு திரும்பினால் குத்பாப் பிரசங்கம் தவறிவிடும்.

பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்தில் ஸிராஜ் இருந்தார். வேண்டுமென்று அங்கே உட்காரவில்லை, இடம் அங்கேதான் இருந்தது. கதீப் குத்பா ஓதிக்கொண்டிருந்தார், பொறுமையைப் பற்றி. அப்போது ஸிராஜின் பொக்கட்டில் கைப்பேசி அதிர்ந்தது. சத்தம் இல்லை, அதிர்வு மட்டும். ஒருமுறை. கொஞ்சம் பொறுத்து மறுமுறை. அவர் கையால் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். மூன்றாவது தடவையும் அதிர்ந்தது. என் தோளுக்கு அது தெரிந்தது, அவ்வளவு கிட்ட இருந்தோம்.

சேர், நீங்கள் வேறு மதம் என்பதால் சொல்கிறேன். குத்பா நடக்கும்போது எங்களுக்குப் பேச்சு இல்லை. பக்கத்தில் இருப்பவன் பேசினால், 'பேசாதே' என்று சொல்வதுகூடக் கூடாது. உயிர் ஆபத்து என்றால் பேசலாம் என்று மௌலவி ஒருவர் பிறகு என்னிடம் சொன்னார். அன்றைக்கு நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை. நான் பேசாமல் இருந்தேன். தொழுது முடித்து, அன்றைக்குச் சுன்னத்தும் தொழுதேன்.

திரும்பி வரும்போது ஒன்றரை. வீதி முழுக்கப் பிள்ளைகள். செல்லத்தம்பி அண்ணனைப் பல்கலைக்கழக வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்பே சீவன் போய்விட்டது.

நடந்ததை யதுசா என்ற பிள்ளை சொன்னாள், விடுதியில் காய்ச்சலோடு படுத்திருந்த இரண்டாம் வருட மாணவி. அவளோடு சேர்த்து அந்நேரம் உள்ளே பதினொரு பேர் இருந்தார்களாம். நேரசூசியில் காய்ச்சல் போடுவதில்லைதானே. கிழவர் விடுதிக் கதவைத் தட்டித் தட்டி, "புள்ளையள், ரோட்டுப் பக்கம் ஓடுங்க, ரோட்டுப் பக்கம்" என்று கத்தினாராம். கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கிற காலம், ரோடும் மேற்கில் என்பதால் ரோட்டுப் பக்கம்தான் சரி. அவருக்கு அது தெரியும். பிறகு தோளில் கிடந்த துவாயைத் தண்ணீர்ப் பீப்பாவில் தோய்த்து முகத்தில் சுற்றிக்கொண்டு திரும்ப ஓடினாராம். அவள் பார்த்தது, அவர் கொக்கியைத் தடவியதை. இரண்டு கையாலும் தடவினாராம். அங்கே ஒன்றும் இல்லாததால் அப்படியே உள்ளே போனார். வால்வைப் பூட்டிவிட்டார். பூட்டிய கையை எடுக்காமல் கிடந்தாராம். பிள்ளைகள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காரைதீவில் செத்த வீட்டுக்குச் சங்கத்தின் சார்பில் மலர்வளையம் கொண்டுபோனேன். நினைவுரை நான்தான் சொன்னேன். அவருடைய மனைவி அன்னப்பிள்ளை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாம விடியவே ஆக்கச் சொல்லுவார். ஹாதிக் தொழப் போறவன், நான் வெள்ளன போகணும் எண்டுவார். இனி உனக்கு ஆரு மகனே நிப்பாங்க?" என்று அழுதார். என்னைப் பார்த்து, எனக்காக அழுதார். நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

விசாரணைக் குழு மூன்று மாதம் எடுத்தது. அறிக்கை போன திங்கட்கிழமை வந்தது. உங்களிடம் பிரதி இருக்கும், பக்கம் பதினேழைப் பாருங்கள். 'அனுமதியின்றி உட்பிரவேசித்த ஊழியர் ஒருவர் வால்வை முறையற்ற விதத்தில் கையாண்டமையே விபத்துக்குக் காரணம்.' கை வால்வில் இருந்ததல்லவா, அதுதான் சாட்சி. என்னைப் பற்றி, 'கடமை உத்தியோகத்தர் அனுமதியுடன் தொழுகைக்குச் சென்றிருந்தார்' என்று ஒரு வரி. பரிந்துரை: ஆள் மாறுவதை இன்னும் கடுமையாகத் தடுக்கவேண்டும், பம்ப் அறையை முழுதாகத் தானியங்கியாக்கவேண்டும், இருபத்தாறு இடத்தைப் பத்தொன்பதாகக் குறைக்கவேண்டும்.

இதைச் சகிக்கலாம். பின்னிணைப்பைத்தான் சகிக்க முடியவில்லை. குழு பரிசீலித்த ஆவணங்கள் என்று முப்பத்தொன்றைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். கன்டீன் பொருள் கொள்வனவு ஒப்பந்தம்கூட இருக்கிறது. என் கடிதம் இல்லை. பதினான்கில் ஒன்றுகூட இல்லை. மூன்று தடவை வாசித்தேன், விரலை வைத்து வரிவரியாக. ஒரு மனிதர் இறந்திருக்கிறார், அதை முன்கூட்டியே நாளும் நேரமும் போட்டு எழுதியவன் நான், என் கடிதத்தை அவர்கள் திறந்தும் பார்க்கவில்லை.

கமீலா பேசியதற்கும் நான் இங்கே வந்ததற்கும் சம்பந்தமில்லை. அவள் அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் கூட்டும்போது முகமூடியைக் கண்டுவிட்டாள்.

"இது என்னத்துக்கு ஊட்ட கொண்டந்தீங்க?"

"சங்கத்துச் சாமான்."

அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள். கன நேரம் பார்த்தாள். "எப்ப கொண்டந்த?" என்று கேட்டாள். நான் அதை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரையில் குந்திவிட்டாள். "யா அல்லாஹ், அந்த மனிசன் இதத்தானே தடவின" என்றாள். அடுத்த நாள் விடிய சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, முகமூடியை ஒரு பையில் போட்டு என் மோட்டார் சைக்கிளில் கொழுவியிருந்தாள். "நீங்க கொண்டு போறீங்களா, நான் கொண்டு போகவா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு முதலே நான் வருவதாக முடிவு எடுத்திருந்தேன். அவளுக்கு இது தெரியாது, இப்போது என்னோடு பேசுவதும் இல்லை. அந்தப் பை உங்கள் மேசையில் இருக்கிறது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். விசிறியை நிறுத்தியவன், முகமூடியை எடுத்தவன், வால்வை இளக்கியவன் நான். செல்லத்தம்பி அண்ணன் வால்வைத் திறக்கவில்லை, பூட்டினார். அவர் அறைக்குப் போகிறார் என்று தெரிந்தும் தடுக்காமல் போனேன். ஸிராஜின் பொக்கட் அதிர்ந்தபோது அது என்னவென்று எனக்குத் தெரியும். பலவந்தம் எதுவும் இல்லாமல், சுய புத்தியோடு எழுதுகிறேன்.

ஒரேயொரு வேண்டுகோள். என் பதினான்காவது கடிதத்தின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். வழக்கில் அதை முதலாவது ஆவணமாகச் சேர்க்கவேண்டும், முகமூடிக்கு முன்னால். நான்காவது பந்திக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். நேர்மையாகச் சொன்னால், அந்தப் பந்தியின் முதல் வசனத்தில் ஒரு பிழை இருந்தது. 'ஆள் ஒருவரும் இருக்கமாட்டார்' என்று எழுதியிருந்தேன், எட்டு வெள்ளிக்கிழமையும் ஆள் இருந்தார். இன்றைக்கும் வெள்ளிதான். பன்னிரண்டு தாண்டிவிட்டது, பாங்கும் கேட்டது. ஒருவரை அனுப்பிப் பம்ப் அறையைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், பிறகு அந்த வசனத்தை வாசியுங்கள். இப்போது அதில் ஒரு பிழையும் இல்லை, சேர்.